இதுக்கு மேலதான் ரோடு மோசம்

நீங்களே ஓட்டுங்க தம்பி. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். சாவி போடற வேலையெல்லாம் இல்லீங்க, அது பாக்கெட்டுல கெடந்தாப் போதும். பிரேக்குல காலை வெச்சுட்டு அந்தப் பட்டனை அமுத்துங்க. அவ்வளவுதான். ஓடுதுங்க. சத்தம் வராது. நானே மொத மொத எடுத்தப்ப ஓடுதா இல்லையான்னு தெரியாம ரெண்டு வாட்டி அமுத்தி ஆஃப் பண்ணிட்டேன்.

காங்கயத்துல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கறீங்க. அந்தியூர் பஸ் ஸ்டாண்டை நாலு சுத்து சுத்திட்டா வண்டி வாங்க முடியும்? மலை ஏறுதான்னு பாக்கோணும்னு கேட்டீங்க, அது நாயமான பேச்சு. பர்கூர் மலை இதா, பக்கத்துலதான் இருக்குது. நேரா விடுங்க. வரட்டுப்பள்ளம் டேம் தாண்டுனதும் ஏத்தம் வந்துரும்.

ஏன் விக்கறீங்கன்னு வாசல்லயே கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்லாம டீ குடிக்கறீங்களான்னு கேட்டேன் பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முந்தி மூணு பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. மூணு பேருகிட்டயும் இதே கதையச் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லீங்க. ஏழு பேரு தாராளமா உக்காரலாம். உக்கார ஆளு இல்ல. அதான் கோளாறு.

என்னை அந்தியூர்ல கேட்டுப் பாருங்க, ரிக்கு சென்னியப்பன்னா தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. ரெண்டு போர்வெல் வண்டி வெச்சிருந்தேன். சத்தீஸ்கர்ல, ஒடிசாவுல, மனுசன் கால் வெக்காத காட்டுக்குள்ள எல்லாம் வண்டிய ஓட்டிட்டுப் போயி போர் போட்டிருக்கோம். ரோடு இல்லாட்டி மரத்தை வெட்டிப் போட்டு அதுமேல ஏத்துவோம். ஒருக்கா ஆத்துக்குள்ள எறக்கிட்டு மூணு நாள் அங்கயே சோறாக்கித் தின்னோம். இருபத்தேழு வருசம். முட்டி தேஞ்சு போயி, ரெண்டு வண்டியையும் குடுத்துட்டு வீட்டுல உக்காந்தேன். ஒரே பொண்ணு. தாரணி. நாமக்கல்லுல படிச்சு மாட்டு டாக்டர் ஆயிருச்சு. கவர்மெண்டு வேலை. கொண்டு போயி எங்க போட்டாங்க தெரியுமுங்களா? இந்த மலைக்கு மேல. நெல்லிமாளம்னு ஒரு ஊரு.

லெஃப்டுல ஒதுக்கிக்குங்க, பஸ் வருது. ம். அவனுக்கு வழிவிட்டுருங்க, இந்த ரோட்டுல அவன்தான் ராசா.

அங்க வாத்தியாரு ஒருத்தரு. பசவராஜுன்னு பேரு. மலை ஆளுக. வீட்டுல கன்னடம் பேசுவாங்க. நல்ல பையன்தான், நான் கெட்டவன்னு சொல்லலீங்க. ரெண்டு பேரும் பழகிட்டாங்க. தாரணி வந்து எங்கிட்ட நேராச் சொன்னா, ஒளிவு மறைவு இல்லாம. அவ அப்படித்தான். நான் என்ன சொன்னேன்? சாதி, ஆளு, அம்பு, ஒண்ணும் பேசல. நம்ம பேச மாட்டோம், நாலு ஊரு பாத்தவன். ‘ரோடு இல்லாத ஊருக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன் கண்ணு’ன்னு மட்டும் சொன்னேன். அதுல என்ன தப்பு இருக்குது? சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் வாயத் திறக்கல. திறப்பாங்களா? எல்லாருக்கும் அந்தப் பதில் சௌகரியமா இருந்துச்சு.

ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் ஆச்சு. எங்கூட்டுக்காரி மயிலாத்தா போயிட்டு வந்தா. நான் போகல. அன்னிக்கு முட்டி வலி.

என்னங்க? ஆமாங்க, இது வரைக்கும் ரோடு நல்லாத்தான் இருக்குது. டேம் வரைக்கும் மெயின் ரோடுங்க. இதுக்கு மேலதான் மோசம்.

அப்புறம் ஒண்ணரை வருசம் கழிச்சு தாரணி முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. உங்க பக்கமும் கட்டுச்சோறு கட்டுவாங்கல்ல? ஒம்பதாம் மாசத்துல அஞ்சு வகைச் சோறு ஆக்கிக் கொண்டு போயி, புள்ளைக்குப் போட்டு, தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். அதுல ஒண்ணும் கொறை வெக்கக் கூடாது. மயிலாத்தா அஞ்சாம் மாசத்துலயே ஆரம்பிச்சுட்டா. ‘ஏனுங்க, ரோசமெல்லாம் இருக்கட்டும். புள்ளைய நம்மதான கூட்டிட்டு வரோணும்.’

நான் வேண்டாம்னு சொன்னனா? சொல்லலீங்க. அதை நீங்க கவனிக்கோணும். ‘கூட்டிட்டு வரலாம் புள்ள, ஆனா வவுத்துப்புள்ளக்காரியை அந்த ரோட்டுல எதுல கூட்டிட்டு வர்றது? என்ர பழைய காரு அடி தட்டும். ஒரு நல்ல வண்டி பாத்துக்கறேன், அப்புறம் பேசு’ன்னேன். அவளுக்குச் சந்தோசம். அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு ஆப்பம் எச்சாவே போட்டா.

அப்படித்தானுங்க இந்த வண்டி ஆரம்பிச்சது.

புதுசு வாங்கறதுக்கு நமக்கு வக்கில்ல. பழசுன்னாலும் உசந்த வண்டியா இருக்கோணும். மலை ஏறோணும், உள்ள உக்காந்தா ஏறுனதே தெரியக்கூடாது. ஈரோட்டுல ஆறுச்சாமின்னு ஒரு புரோக்கர். தங்கமான ஆளு, அவன் எங்கிட்ட பட்ட பாடு எதிரிக்குக்கூட வேண்டாம். மொத வண்டி வெள்ளை. பெருந்துறை டாக்டர் ஒருத்தரோடது, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நம்பரைக் கூட்டிப் பாத்தேன். எட்டு. நீங்களே சொல்லுங்க, கூட்டுனா எட்டு வர்ற வண்டியில மாசமா இருக்கற புள்ளைய ஏத்துவீங்களா? வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது கறுப்பு. வெயில்ல அடுப்பாட்டம் காயும். மூணாவது பெங்களூருல இருந்து வந்தது, சீட்டுக்கு அடியில மண்ணு இருந்துச்சு. வெள்ளத்துல நின்ன வண்டிங்க அது. இருபத்தேழு வருசம் வண்டியோட பொழைச்சவனை ஏமாத்த முடியுமா?

அப்புறம் நான் ஒரு சோதனை கண்டுபிடிச்சேன். சிரிக்காதீங்க. ஒரு சொம்பு நெறையத் தண்ணி. மயிலாத்தாளை நடு சீட்டுல உக்கார வெச்சு, சொம்பை மடியில குடுத்து, பெருந்துறை ரோட்டுல வேகத்தடை மேல எல்லாம் ஓட்டுவேன். தண்ணி சிந்துனா வண்டி தேறாது. புள்ளத்தாச்சி உக்காரப்போற எடமாச்சே, அலுங்கக் கூடாதுல்ல? ஒவ்வொரு வண்டிக்கும் இதே சோதனை. அவ பாவம், எறங்கறப்ப சேலை தொப்பலா நனைஞ்சிருக்கும். ஆறுச்சாமி தலையத் திருப்பிக்குவான். ஒம்பது வண்டி அப்படிப் பாத்தோம். ஒம்பதாவது வண்டியில அவ சொன்னா, ‘சொம்புல பாதித் தண்ணி மொண்டாச் சிந்தாதுங்க.’ எனக்குக் கோவம் வந்துருச்சு. ‘வெளையாட்டா இருக்குதா உனக்கு?’ன்னு கத்திட்டேன். அவ வீட்டுக்கு வந்து சேலையைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டு, ‘எட்டு மாசம் ஆயிருச்சுங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

செக்போஸ்ட் வந்துருச்சு. மெதுவாப் போங்க. கண்ணாடியை எறக்குங்க, நம்பர் எழுதுவாங்க, பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. வணக்கமுங்க. ஆமாங்க. இந்தத் தம்பி காங்கயம். ஆமா, சும்மா போயிட்டு வரலாம்னு.

போலாங்க. என்னது? நம்பரைப் பாக்காமயே எழுதிட்டாருங்களா? தெரியலீங்களே. அவங்களுக்கு நாளைக்கு நூறு வண்டி வருது, ஞாபக சக்தி அதிகமா இருக்கும்.

இந்த வளைவுல ஹாரன் அடிச்சுட்டுத் திரும்புங்க. பாத்தீங்களா, கையில ஒரு அசைவு இல்ல. இந்தத் திருகு இருக்குது பாருங்க, நடுவால. சேறுன்னா சேத்துக்கு ஒரு பக்கம் திருப்பிக்கலாம், மணலுக்கு ஒண்ணு, பாறைக்கு ஒண்ணு. பனிக்குக்கூட ஒண்ணு இருக்குது. அந்தியூர்க்காரனுக்குப் பனி எதுக்குங்க? ஆனா காசு குடுத்துருக்கோமே, இருக்கட்டும். இப்பப் போட்டுப் பாக்கறதா? தார் ரோட்டுல போட்டா என்னங்க தெரியும்? தாமரைக்கரை தாண்டட்டும். அங்கதான் ரோடு மோசம்.

எங்க விட்டேன்? ஆமா, எட்டு மாசம். பத்தாவதா இந்த வண்டி அமைஞ்சுச்சு. கோயமுத்தூர்ல ஒரு மில்லுக்காரரு வெச்சிருந்தது. சொம்புத் தண்ணி அசையல. நம்பர் கூட்டுனா அஞ்சு. எனக்கே நம்ப முடியல. ஆனா நான் என்ன உடனே வாங்கிட்டனா? மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயிக் காட்டி, ஷோரூம்ல ஹிஸ்டரி எடுத்து, சீட்டு பழசு நாத்தம் அடிக்குதுன்னு புதுசாத் தோல் மாத்தச் சொல்லி, எல்லாம் முறையாப் பண்ணோணுமல்ல. மயிலாத்தா ஒரு நாள் காலையில சொன்னா, ‘வெள்ளிக்கிழமை நல்ல நாளு. நான் கட்டுச்சோறு கட்டப் போறேன். வண்டி வந்தாலும் சரி, வராட்டியும் சரி.’

வெள்ளிக்கிழமை வண்டிய எடுக்கறதா நானும் சொல்லிட்டேன். விடியாலயே கோயமுத்தூர் போயிட்டேன். பத்தரையில இருந்து ராகு காலம். ராகு காலத்துல வண்டிய வெளிய எடுக்க முடியுமா? பன்னெண்டு வரைக்கும் ஷெட்டுலயே உக்காந்திருந்தேன். அப்புறம் கோயில்ல பூசை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, திருஷ்டி சுத்தி, மாலை போட்டு, வீடு வந்து சேர மணி மூணு. வீடு பூட்டியிருக்குது. பக்கத்து வீட்டுல சாவி குடுத்தாங்க. ஒம்பது மணி பஸ்சுக்கே போயிட்டாளாம். அவ தங்கச்சியும் அவளும். ஆளுக்கு ரெண்டு தூக்குப்போசி.

உள்ள போனேன். எனக்குத் தட்டுல போட்டு மூடி வெச்சிருந்தா. தேங்காச்சோறு, புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு. அஞ்சும் கொஞ்சங் கொஞ்சம். நல்லாத்தான் இருந்துச்சு. நான் தின்னுட்டு வெளிய வந்து வண்டியைப் பாத்தேன். மாலையோட நின்னுட்டு இருந்துச்சு.

அப்பவே கெளம்பியிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. நானும் நெனைச்சேன். அப்பத்தான் டயரைப் பாத்தேன். பின்னால ரெண்டும் தேய்மானம். மலை ரோட்டுல, திரும்பி வர்றப்ப மாசமான புள்ளைய வெச்சுட்டு, தேஞ்ச டயர்ல எறங்க முடியுமா? முடியாதுங்க. போகல.

பொழுதோட பஸ்சுல மயிலாத்தா திரும்பி வந்தா. புள்ளை வரல. ‘அப்பா வந்து கூப்பிட்டா வர்றேன்’னுச்சாம். அவ்வளவுதான். நான் கேட்டேன், ‘கூப்பிடறதுக்கு என்ன, போன்ல கூப்பிட்டாப் பத்தாதா?’ன்னு. ‘சரி, கூப்புடுங்க’ன்னு போனை எடுத்து நீட்டுனா. அங்க டவர் கெடைக்காதுன்னு நான் வாங்கல. அவ தெனமும் பேசறாதான். ஆனா சில நேரம் கெடைக்காது தம்பி, உங்க போனை எடுத்துப் பாருங்க இப்ப. நாலு கோடு இருக்குதா? இங்க இருக்கும். மேல இருக்காது.

புது டயருக்கு ஈரோட்டுல சொன்னேன். ஸ்டாக் இல்ல, செவ்வாக்கிழமை வாங்கன்னாங்க. செவ்வாக்கிழமை வண்டிய ஜாக்கியில ஏத்தி நிறுத்திருக்கறேன், போன் வருது. வலி கண்டு ஆம்புலன்சுல அந்தியூர் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். மலை மேல இருந்து முக்கா மணி நேரம். பொண்ணு பொறந்திருக்குதுன்னாங்க. ஆம்புலன்சு என்ன வண்டி? சாதா வேனு. அதுல எந்தத் திருகும் கெடையாது.

என்ர மனசு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. அஞ்சு மாசம் நான் அலைஞ்சது எதுக்கு? எனக்காக ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா? பொறுக்கறது அவ கையில இல்ல, தெரியும். ஆனாலும் சொல்றேன்.

உடனே போனனுங்க. டயர் மாட்டுனதும் நேரா ஜி.எச்.சுக்குத்தான் போனேன். வாசல்ல அவங்க ஆளுக பத்துப் பதினஞ்சு பேரு நின்னுட்டு இருந்தாங்க, கன்னடத்துல பேசிச் சிரிச்சுக்கிட்டு. உள்ள வண்டி நிறுத்த எடமே இல்ல. இந்த வண்டி என்ன சைக்கிளா, செவுத்துல சாத்தறதுக்கு? ரெண்டு சுத்து சுத்திப் பாத்தேன். வீட்டுக்கு வந்துட்டேன்.

மூணு நாள் அங்க இருந்தாங்க. என்ர வீட்டுல இருந்து அரை மைல் இருக்குமா? மூணு நாளும் எடம் கெடைக்கல. நடந்து போறதா? முட்டி வலின்னு சொன்னனே தம்பி. நாலாம் நாள் தாரணியும் கொழந்தையும் மேல போயிட்டாங்க. ஒரு மாசம் தொணைக்கு இருந்துட்டு வர்றேன்னு மயிலாத்தாளும் போனா. இப்ப அஞ்சு மாசம் ஆச்சு.

தெனமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுவா. ‘சாப்புட்டீங்களா?’ம்பா. ‘ஆச்சு’ம்பேன். ‘மாத்திரை?’ம்பா. ‘ஆச்சு’ம்பேன். வெச்சுருவா. பின்னால கொழந்தை சத்தம் கேக்கும். நான் அதைப் பத்திக் கேக்கறதில்ல, அவளும் சொல்றதில்ல. மெஸ்ஸுல சாப்பாடு. ரசத்துல பெருங்காயமே போட மாட்டேங்கறான். எனக்குச் சலிச்சுப் போச்சு தம்பி. வண்டிக்கு மூடாக்குப் போடறது, எடுக்கறது, தொடைக்கறது. யாருக்குத் தொடைக்கறேன்? அதான் வித்துரலாம்னு.

தாமரைக்கரை தாண்டியாச்சு. ரோடா? நல்லாத்தான் இருக்குது. ஏதோ எலெக்சனுக்குப் போட்டிருப்பாங்க. அந்த வலது பக்கப் பிரிவுல திரும்பி நிறுத்துங்க. அதுதான் நெல்லிமாளம் போற வழி. பிரிவுல ஒரு டீக்கடை இருக்குது. குடிச்சுட்டு அப்படியே திரும்பிரலாம். இதுக்கு மேலதான் மோசம், வண்டிக்கு நல்லதில்ல.

ரெண்டு டீ போடப்பா.

டயர் பில்லுல எழுதியிருக்கற கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒத்துப் பாத்தீங்களா? ஏன், என்ன? வாங்குனதுல இருந்து மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குதா? இருக்கும். எங்கயும் போகாத வண்டி எப்படி மூவாயிரம் ஓடுச்சுன்னு கேக்கறீங்க. நீங்க நல்லாத்தான் பாக்கறீங்க வண்டி. பேட்டரி எறங்கிரும்னு அப்பப்ப எடுத்துப் பக்கத்துல ஒரு சுத்து சுத்தறதுதான்.

என்னப்பா? ஏன், சர்க்கரை வேண்டாம்னு நான் சொல்லவே இல்லியே. ம்... ஆமா, சர்க்கரை இல்லாமதான். குடு.

இல்லீங்க தம்பி, அவன் சும்மா கேக்கறான். ‘இன்னிக்காவது உள்ள போறீங்களா’ன்னு எல்லாருகிட்டயும் கேப்பான். அவன் பொழப்பு.

சரி. விடுங்க. பொய் சொல்லி என்ன ஆகப்போவுது, உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. வந்திருக்கறேன். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை வருவேன். சில வாரம் வெள்ளிக்கிழமையும். இந்த பெஞ்சுலதான் உக்காருவேன். ஒரு டீ. சில நாள் ரெண்டு. அந்தப் பாதையைப் பாத்துட்டே இருப்பேன். ஒரு நாள் தாரணி ஸ்கூட்டர்ல இதே வழியில வந்தா. பின்னால மருந்துப் பெட்டி கட்டியிருந்தா. ஏதோ மாட்டுக்குப் பாக்கப் போறாளாட்டம் இருக்குது. நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போயி டயரைப் பாக்கற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டேன். பாத்திருக்க மாட்டா. பெரிய வண்டி, மறைச்சுருச்சு. அதுல அந்த ஒரு சௌகரியம் இருக்குது.

திரும்பிரலாங்களா?

ஏனுங்க, உள்ள எதுக்கு? உங்களுக்கு மோசமான ரோட்டுல ஓட்டிப் பாக்கோணும். அதுவும் சரிதான். அதுக்குத்தான வந்தீங்க. வாங்கற ஆளு கேக்கறப்ப நான் வேண்டாம்னு சொன்னா, வண்டியில ஏதோ கோளாறுன்னு நெனைப்பீங்க. போலாம். கொஞ்ச தூரம். நான் சொல்றப்ப நிறுத்திரோணும்.

மெதுவா. அந்தத் திருகைப் பாறைக்குத் திருப்பி வெச்சுக்குங்க. இல்ல, இருங்க. இங்க வேண்டாம், இங்க தாருதான். அந்த வளைவு தாண்டட்டும்.

ம். இங்கயும் போட்டிருக்காங்க.

அந்தப் பாலம் தாண்டுனா... இல்ல, பாலமும் புதுசுதான்.

ஓரத்துல வெள்ளைக் கோடுகூடப் போட்டிருக்கறாங்க பாருங்க. பழைய கோடு. அழிஞ்சு போயிருக்குது. மூணு நாலு வருசம் இருக்குங்களா? நீங்க ரோடு காண்ட்ராக்டரா தம்பி? இல்லியா? அப்புறம் எப்படி அவ்வளவு கரெக்டாச் சொல்றீங்க? ஓ, கல்லுல எழுதியிருக்குதா. நான் கண்ணாடி கொண்டு வரல. படிங்க. எந்த வருசம்?

அது அவங்க கல்யாணத்துக்கு முந்துன வருசமுங்க.

மயிலாத்தா சொன்னா. சொல்லலைன்னு நான் சொல்லல. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அன்னிக்கே சொன்னா, ‘ரோடு நம்ம ஊரு ரோட்டைக் காட்டியும் நல்லா இருக்குதுங்க’ன்னு. பொம்பளைக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்னு நான் காதுல போட்டுக்கல. நிறுத்தலாங்களா? இங்க வேண்டாம், எடம் அகலமா இல்ல. இன்னும் கொஞ்சம் போங்க. திரும்பறதுக்கு எடம் வேணும்ல.

இது ஸ்கூலு. அவரு இங்கதான். மாப்பிள்ளை. பசங்க சத்தம் கேக்குது பாருங்க. நல்லா சொல்லிக் குடுப்பாருன்னு சொல்வாங்க.

மெதுவாப் போங்க தம்பி.

நீலக் கதவு. அதா, அந்த ஓட்டு வீடு. மயிலாத்தாதான். வாசல்ல உக்காந்திருக்கறா. மடியில... ஆமாங்க. அதுதான். தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு இருக்கறா. எத்தனை முடி பாருங்க தலையில. நிறுத்த வேண்டாம். போயிட்டே இருங்க. இந்தப் பக்கம் பாக்காதீங்க, நீங்க பாட்டுக்கு நேராப் பாத்து ஓட்டுங்க. கண்ணாடியை ஏத்துங்க. பாத்துட்டாளா? பாக்கல. பாத்துட்டாளா?

அவ்வளவுதாங்க ஊரு. அந்தத் தண்ணித் தொட்டியோட ரோடு முடியுது. அதுக்கு அக்கட்ட காடு. உங்களுக்கு வேணும்னா அந்தக் காட்டுக்குள்ள எறக்கி ஓட்டிப் பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. வேண்டாமா? திருப்பப் போறீங்களா? திருப்புனா மறுபடி அந்த வீட்டு வழியாத்தான் போகோணும். வேற வழி இல்லீங்களா? இல்ல. எனக்கும் தெரியும். சித்தெ நில்லுங்க தம்பி. ஒரு நிமிசம். வண்டிய ஆஃப் பண்ணாதீங்க, ஏசி ஓடட்டும்.

சரி. எடுங்க. வேகமாப் போயிருங்க.

பிரேக்குப் போடுங்க, பிரேக்கு, ரோட்டுல ஆளு! தாரணி. நடு ரோட்டுல வந்து நிக்கறா பாருங்க. சின்னதுல இருந்தே இப்படித்தான், லாரிக்குக் குறுக்க ஓடுவா. ஹாரன் அடிக்காதீங்க. அடிச்சாலும் நகர மாட்டா. நல்லா எளைச்சுப் போயிட்டா.

இந்தப் பக்கந்தான் வர்றா. நீங்க ஏதாவது சொல்லுங்க தம்பி. வண்டி பாக்க வந்தோம்னு சொல்லுங்க. வழி தவறிருச்சுன்னு சொல்லுங்க. கண்ணாடியை எதுக்கு எறக்கறீங்க?

என்ன கண்ணு.

ஒண்ணுமில்ல, சும்மாதான். இந்தத் தம்பி காங்கயம். வண்டி வாங்கறதுக்கு வந்திருக்கறாரு. மலை ஏறுதான்னு பாக்கோணும்னாரு, அதான்.

ஏறுச்சு. நல்லா ஏறுச்சு.

ரோடா? ரோடு நல்லா இருக்குது கண்ணு. ரொம்ப நல்லா இருக்குது. தெரியும். ரோட்டுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் வர முடியல. பிரிவு வரைக்கும் வருவேன் கண்ணு. வந்து வந்து திரும்பிருவேன். அன்னிக்கு ஸ்கூட்டர்ல போனியே, நான் அங்கதான் இருந்தேன்.

பாத்தியா நீ?

அழுவாத. உங்கம்மா பாத்தா என்னைத் திட்டுவா. இதா, வந்துட்டா அவளும், எண்ணெய்க் கையோட தூக்கிட்டு. வெயில்ல எதுக்கு வெளிய கொண்டு வர்றா, சொல்லு அவகிட்ட. எறங்கறேன், இரு, முட்டி சித்தெ நேரம் ஆகும். தம்பி, நீங்களும் எறங்குங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போனா நல்லா இருக்காது.

கண்ணு, புள்ளைக்கு என்ன பேரு வெச்சீங்க?